கலங்கிய நீரும் காலை நடையும்

எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை வெளியே கொண்டு வந்தது ஒரு வேலமுள். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், பொம்மிடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் விறகு அள்ளும்போது இடது குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள் பத்துப் போட்டேன். பத்து நாளில் ஆற வேண்டிய புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மூன்று பிள்ளைகள். என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் புளியும் சாமையும் கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதையும் வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தார். மண்டியை ஒரு நாள் பூட்டிவிட்டு என்னைத் தர்மபுரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார்.

அங்கே தனியாக வைத்தியம் பார்த்து வந்த ஒரு டாக்டர் புண்ணை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு புண்ணைப் பற்றிப் பேசவே இல்லை.

"தண்ணி தாகம் ஜாஸ்தியா எடுக்குதாம்மா?"

"ஆமாங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறீங்க?"

அந்நிய ஆணிடம் இதைச் சொல்வதா என்று நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான், "எண்ண முடியாதுங்க" என்றார். ஒரு சின்ன சீசாவைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அரை மணி கழித்துக் கூப்பிட்டபோது மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. அதற்குள் செங்கல் கரைத்தது போல ஒரு நிறம்.

"நீல மருந்துல உங்க நீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினோம். சர்க்கரை இல்லைன்னா நீலமாவே இருக்கும். கொஞ்சம் இருந்தா பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. உங்களுக்குச் செங்கல் நிறம் வந்திருக்கு."

எனக்கு முதலில் நினைவு வந்தது என் அக்காவின் முகம்தான். சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்கும் இதே வியாதி. கடைசியில் அவளுக்குக் கிட்னி கெட்டுப் போனது. காலையில் முகம் வீங்கும், சாயங்காலம் கால் வீங்கும். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது நாள் நான் கூட இருந்தேன். "கால மட்டும் கொஞ்சம் மடக்கி நீட்டி விடு, மரத்துப் போச்சு" என்று மணிக்கொரு தரம் கேட்பாள். கண்மூடி மௌத்தானபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவள் கெண்டைக்காலில் சதையே இல்லை. எலும்பின்மேல் தோல் போர்த்தியிருந்தது.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கிட்னிக்கு வருங்களா?"

"வராம பாத்துக்கலாம்" என்றார். மாத்திரை எழுதினார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். வாரம் ஒரு முறை பஸ் ஏறி வர முடியாது என்பதால், நீர்ச் சோதனையை வீட்டிலேயே செய்யக் கற்றுக் கொடுத்தார். சேலத்திலிருந்து கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து எல்லாம் வந்து சேர்ந்தன. என் மாமியார் அவற்றை அடுப்படிக்குள் விட மறுத்துவிட்டார். குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு பலகையடித்து அங்கே வைத்துக்கொண்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நாளும் நிறமும் எழுதினேன். நீலம், பச்சை, பச்சை, மஞ்சள். புண் ஆறியது. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வத்தல்மலையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. எங்கள் மண்டிக்குப் புளியும் சாமையும் கொண்டு வரும் விவசாயி ஒருவர் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். குடும்பத்தோடு வந்தே தீர வேண்டும் என்று நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று வேகமாக ஏறினோம். பாதி வழியில் எனக்கு மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை. ஆனாலும் நிற்காமல் ஏறினேன், எனக்கு அது ஒரு பெருமையாக இருந்தது. மேலே சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். ஒரு நாள் தங்கி, அதே வழியில் இறங்கி வந்தோம்.

இறங்கின மறுநாள் தர்மபுரி டாக்டரிடம் போக வேண்டிய முறை. இந்தத் தடவை அவர் இன்னொரு சோதனையும் செய்தார். நீல மருந்து சேர்க்காமல் வெறும் நீரைக் குழாயில் எடுத்து மேல்பாதியை மட்டும் சூடு காட்டினார். தெளிந்திருந்த நீர் மேலே வெள்ளையாகத் திரண்டது, முட்டையின் வெள்ளைக்கரு வேகுவது மாதிரி. இரண்டு சொட்டு அமிலம் விட்டார். அது கலையவில்லை.

"ஆல்புமின்" என்றார். "உடம்புல இருக்கற புரதம் கிட்னி வழியா ஒழுகுது."

என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய்வுதாம்மா முதல் மருந்து. உப்பு வேண்டாம். கறி, பருப்பு குறைங்க. நடமாட்டம் அறவே வேண்டாம். படுக்கையில இருங்க, மூணு மாசம் பார்ப்போம்."

அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நடு அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மாமியார் சமையலை எடுத்துக்கொண்டார். அறுபது வயதில் அவர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆக்கிப் போடுவதைப் படுத்துக்கொண்டே பார்ப்பது எனக்குப் பெரிய தண்டனை. ஆனாலும் பிள்ளைகளுக்காக ஒரு மாதம் சொன்னபடி கிடந்தேன். சர்க்கரை ஏறியது. பச்சையில் இருந்தது மஞ்சளாகி ஆரஞ்சானது. வீட்டுக்காரர் போய்ச் சொல்ல, டாக்டர் இன்சுலின் ஊசியைச் சேர்த்தார். ஊரில் இருந்த ஒரு கம்பவுண்டர் தினமும் காலையில் வந்து போட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "அந்த ஆல்புமின் சோதனைய வூட்டுலயே செய்ய முடியுங்களா?"

"அது என்னங்க பெரிய வித்தை? குழாய்ல முக்கால் பாகம் எடுங்க. அடியப் பிடிச்சுக்கிட்டு மேல மட்டும் காய்ச்சுங்க. கலங்குச்சுன்னா ரெண்டு சொட்டு அமிலம் விடுங்க. அப்பவும் கலங்கல் நின்னா ஆல்புமின். தெளிஞ்சுட்டா பயமில்ல. ஆனா அத எதுக்கு நீங்க பாத்துப் பயப்படணும்?"

"பாக்காமதான் பயமா இருக்குதுங்க" என்றேன். சிரித்துவிட்டு, மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் அமிலம் கொண்டு வந்து கொடுத்தார்.

அன்று முதல் நோட்டில் இன்னொரு வரி சேர்ந்தது. டாக்டர் காட்டிய மாதிரித் திரளும் என்று பயந்துகொண்டே சூடு காட்டினேன். திரளவில்லை. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு மங்கல். அமிலம் விட்டும் அது போகவில்லை. மறுநாளும் அதே மங்கல். பத்து நாள் பார்த்தேன். கூடவில்லை, குறையவுமில்லை. ஆனால் சர்க்கரை மட்டும் ஆரஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டாவது மாதத்தின் நடுவில், குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும்போது பாவாடை விலகி என் காலைப் பார்த்தேன். கெண்டைச் சதை வற்றிப்போய்த் தொங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. எழுந்து நின்றபோது மனசில் ஒன்று தீர்மானமாகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னங்க, நாளையிலருந்து நான் நடக்கப் போறேன்."

கையில் எடுத்த கவளத்தை அவர் தட்டில் வைத்தார். "டாக்டர் சொன்னத மீறப் போறியா?"

"மீறலைங்க. சோதிச்சுப் பாக்கப் போறேன். முத நாள் கொல்லையில பத்துத் தடவை போய் வருவேன். மறுநாள் காலையில நீரக் காய்ச்சிப் பாப்பேன். கலங்கல் ஒரு இழை கூடினாலும் அன்னைக்கே படுத்துக்கறேன். கூடலைன்னா இன்னும் அஞ்சு தடவை. அவ்வளவுதான்."

"கூடிப் போனா?"

"படுத்துக்கிட்டே இருந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். அத நான் சேலத்துல நாப்பது நாள் பாத்தாச்சு."

அவர் தட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "மாத்திரையும் ஊசியும் நிறுத்தக் கூடாது. உப்பு சேக்கக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா நட" என்றார். ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் பத்துத் தடவை முடிப்பதற்குள் தொடை நடுங்கியது. எங்கள் கொல்லை கிணற்றடியிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை முப்பதடி இருக்கும். மறுநாள் காலை விளக்கேற்றி நீரைக் காய்ச்சினேன். குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதே மங்கல்தான். பதினைந்து தடவை நடந்தேன். அதே மங்கல். இருபது. ஒரு மாதத்தில் கொல்லையில் கோடு விழுந்த மாதிரி ஒரு தடம் உண்டாகிவிட்டது. நீல மருந்து ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. பிறகு ஒரு நாள் பச்சை. அந்தப் பச்சையை மாமியாரிடம் கொண்டு போய்க் காட்டினேன். "மூத்திரத்தத் தூக்கிட்டு அடுப்படிக்கு வராத" என்று கத்தினார். ஆனால் குழாயை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

அப்படி இருக்கையில்தான் ஆடு ஓடியது. பக்ரீதுக்காக மாமியார் வளர்த்து வந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டது. வீட்டில் ஆண்கள் யாருமில்லை. மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அது நிற்கும், நான் கிட்டப் போனதும் ஓடும். கடைசியில் அதன் கொம்பைப் பிடித்தபோது எனக்கு மூச்சு இரைத்து வயிறு குமட்டியது. வத்தல்மலையின் பாதி வழியில் இரைத்த அதே இரைப்பு.

அந்த நினைப்பு வந்ததும் வீட்டுக்கு வந்து நேராகப் பலகைக்குத்தான் போனேன். நீரை எடுத்துச் சூடு காட்டினேன். வெள்ளையாகத் திரண்டது. டாக்டர் காட்டினாரே, அப்படியே.

நானே என்னைக் கெடுத்துக்கொண்டேனா? சொன்ன சொல்படி அன்று படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பார்த்தேன். திரளவில்லை, ஆனால் கலங்கல் வழக்கத்தைவிடக் கூடுதல். அதற்கு மறுநாள் பழைய மங்கல். அதற்கு மேல் இல்லை. நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். டாக்டர் ஆல்புமின் கண்ட நாளுக்கு முந்தின நாள்தான் நாங்கள் மலையிலிருந்து இறங்கினோம். அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூச்சிரைக்க ஓடினால் திரள்கிறது. இரண்டு நாளில் தெளிகிறது. மெல்ல நடந்தால் திரள்வதே இல்லை. நோட்டில் இருந்தது இவ்வளவுதான்.

மூன்று மாதக் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. நான் காத்திருக்கவில்லை. வீட்டுக்காரரோடு தர்மபுரிக்குப் போனேன். நடந்தே அறைக்குள் வந்த என்னைப் பார்த்ததும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு உங்கள எழுந்து நடக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க டாக்டர். என்னத் திட்டறதுக்கு முன்னால இத மட்டும் படிச்சுப் பாருங்க."

நோட்டை நீட்டினேன். நின்றுகொண்டே புரட்டினார். பிறகு உட்கார்ந்து புரட்டினார். வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ஆட்டுக்குப் பின்னால ஓடினீங்களா?" என்றார்.

"ஆமாங்க. அது லேசுல பிடிபடலைங்க."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "ஓட்டப் பந்தயம் ஓடற நல்ல ஆளுங்களுக்கும் ஓடி முடிச்சதும் இப்படி ஆல்புமின் போகும்னு படிச்சிருக்கேன். ரெண்டு நாள்ல சரியாயிடும். அன்னைக்கு நீங்க மலை ஏறி இறங்கினத நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

டாக்டர் ஒருவர் நோயாளியிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"ஆனா ஒண்ணு," என்று தொடர்ந்தார். "இந்த மங்கல்னு தினமும் எழுதியிருக்கீங்களே, அது ஓட்டத்தால வந்தது இல்ல. அது சர்க்கரையால. கிட்னி லேசாக் கசிய ஆரம்பிச்சிருக்கு. நடந்தா அது நின்னுடும்னு என்னால சொல்ல முடியாது, எனக்குத் தெரியாது. நடந்தா சர்க்கரை இறங்குது, அது உங்க நோட்டுலயே இருக்கு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஏறாம இருந்தா கிட்னிக்குப் பாரம் குறையும். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப நடக்கலாமுங்களா?"

"நடங்க. பேசிக்கிட்டே நடக்கற அளவுக்கு வேகம் போதும். பேச்சு முட்டினா வேகத்தக் குறைங்க. மலையும் ஆடும் வேண்டாம். சோதனைக்கு, நடக்கறதுக்கு முந்தி காலையில முதல்ல போற நீர எடுங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிய, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேலம் போய் ரத்தத்துல யூரியா பாத்துட்டு வாங்க."

கொல்லை போதாமல் போனது. தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். முப்பதடிக்குள் திரும்பித் திரும்பித் தலை சுற்றியது. ஊருக்குள் எங்கே நடப்பது? தண்ணீருக்கோ விறகுக்கோ காட்டு வேலைக்கோ போனால் பெண்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். கையில் ஒன்றுமில்லாமல், போகிற இடமும் இல்லாமல், போன வழியே திரும்பி வரும் பெண்ணை ஊர் என்னவென்று சொல்லும்? இரண்டு நாள் கடைத்தெரு வழியாக நடந்ததற்கே மாமியாரிடம் மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டார்கள். "உங்க மருமகளுக்கு மனசு சரியில்லைங்களா?"

அப்போதுதான் எனக்கு ரயில்வே பிளாட்பாரம் தோன்றியது. நீளமானது, மேடு பள்ளமில்லாதது, ஆடு மாடு வராது. விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு, வெளுத்த பிறகு போனேன். சேலம் பாசஞ்சர் வருவதற்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாலைந்து தடவை போய் வரலாம். மூன்றாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டார்.

"ஏம்மா, யார ஏத்தி விட வந்தீங்க?"

"யாரையும் இல்லைங்க. நடக்க வந்தேன்."

"இது நடக்கற இடம் இல்லையே. வண்டி வர்ற இடம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லணும்."

மேலிடத்துக்குப் பயந்துதான் அவர் கேட்கிறார் என்பது குரலில் தெரிந்தது. நான் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை, கிட்னி, அக்கா. ஆணிடம் ஒண்ணுக்குப் போவதைச் சொல்லக் கூசிய நானா இப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. "வண்டி வர்றப்ப சுவரோரம் பெஞ்சில உக்காந்துக்கறேன். ஓரத்துக்கு வரவே மாட்டேன். மழையா இருந்தாலும் வருவேன், அத முன்னாலயே சொல்லிடறேன்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் சர்க்கரைதான். வூட்ட விட்டு வெளிய வர மாட்டேங்கறாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை.

ஊர்ப் பேச்சு உடனே அடங்கவில்லை. மாமியார் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வாசலுக்கு வந்த பெண்ணிடம் அவரே, "அது மருந்து. அவ மருந்து சாப்பிடறா, உனக்கு என்ன?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வாசலுக்கு வந்து விசாரிக்க யாருக்கும் துணிவில்லை.

ரம்ஜான் மாதத்தில் டாக்டர் சொற்படி நோன்பு வைக்கவில்லை. அது எனக்கு நடையைவிடக் கஷ்டமாக இருந்தது. மகனுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரமும், வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்த மாதமும் நடை விட்டுப் போனது. நோட்டில் மஞ்சள் ஏறியது. மறுபடி தொடங்கினேன். மறுபடி தொடங்குவது முதல் தடவையைவிடக் கடினம் என்பது அப்போது தெரிந்தது. கால் வராது, மனசு நூறு சாக்குச் சொல்லும். சாக்குச் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த உபாயம் அது ஒன்றுதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேலத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். யூரியா முதல் நாலு வருஷம் அசையவில்லை. அப்புறம் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. மங்கல் போகவே இல்லை. சில மாதம் கண்ணுக்கே தெரியாது, சில மாதம் தெரியும். ஊசி பாதியாகக் குறைந்தது. நடைதான் என் கிட்னியைக் காப்பாற்றியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரையும் இருந்தது, உப்பில்லாச் சோறும் இருந்தது, அல்லாவின் நாட்டமும் இருந்தது. ஆனால் படுத்தே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அக்கா மௌத்தான நாற்பத்தொரு வயதை நான் தாண்டிய அன்று யாரிடமும் சொல்லாமல் இரண்டு ரக்அத் தொழுதேன்.

எழுபதுகளின் கடைசியில் வியாபாரத்துக்காகத் தர்மபுரிக்கே குடி போனோம். புது வீடு நெருக்கமான தெருவில். கொல்லை இல்லை, பிளாட்பாரம் இல்லை. சாமான் இறக்கின மறுநாள் காலையிலேயே செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட மைதானம் இருந்தது. கம்பிக் கதவருகே வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் பள்ளிக்கூடம் தெறக்கலைங்க. யாரப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வேண்டாங்க. ஒரு மணி நேரம் நடந்துட்டுப் போயிடறேன். நாளைக்கும் வருவேன். கதவத் தெறங்க."

வாயில் நுரையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குச்சியைக் காதில் செருகிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.